வராவிட்டால் யார் தேடுவார்கள்?

நம் சங்கத்தில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அது. கண் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது, மார்க் குறைகிறது, வீட்டில் நாலு வார்த்தை தமிழ் பேசவும் நேரம் இல்லை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதில் இதுவரை சேராத குறை ஒன்று இருக்கிறது. மற்றவை பிள்ளைகள் மீது நாம் சொல்லும் குறைகள். இதுவோ பிள்ளைகளின் சார்பில் அந்த விளையாட்டுகள் மீது நாம் சொல்ல வேண்டிய குறை.

எல்லா விளையாட்டுகளையும் பற்றி நான் பேசவில்லை. இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடுகிறார்களே, 'ரோல் ப்ளேயிங் கேம்' என்று அதற்குப் பெயர். அந்த வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவன் வாள்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருத்தி காயம்பட்டவர்களைக் குணப்படுத்துபவள். காடு, மலை, கடைத்தெரு, அரண்மனை எல்லாம் உண்டு. வழியில் நிற்கும் கிராமத்தார் தங்கள் துயரத்தைச் சொல்லி முறையிடுவார்கள். இவர்கள் போய் அரக்கனைக் கொன்று ஊரைக் காப்பாற்ற வேண்டும். என் மகள் வயிற்றுப் பேரன் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆட்டத்தை ஆடுபவன். அவனிடம் கேட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும், இந்த ஆட்டங்களின் வரலாற்றைப் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

அவன் ஒருமுறை பெரிய அரக்கன் ஒருவனை வீழ்த்தியபோது, "இனிமேல் அந்த ஊர்க்காரர்களுக்குத் தொல்லை இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டேன். "இல்லை தாத்தா. கொஞ்ச நேரத்தில் அவன் திரும்ப அங்கேயே வந்து நிற்பான். அடுத்த ஆளும் அவனைக் கொல்ல வேண்டாமா?" என்றான். இதை அவன் சொன்ன விதத்தில் வருத்தம் ஏதும் இல்லை. பல் துலக்குவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். என்னைக் கேட்டால், வருத்தப்பட வேண்டிய விஷயமே அதுதான்.

இந்த உலகங்களில் எதைச் செய்தாலும் நிற்பதில்லை. கொன்ற ஓநாய் சில நிமிடங்களில் அதே புதரருகில் நிற்கும். தீயை அணைத்த குடிசை அடுத்தவனுக்காக மறுபடி பற்றி எரியும். மகனைத் தொலைத்த தாய், மகனைக் கொண்டுவந்து சேர்த்த பிறகும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதுகொண்டிருப்பாள். அரசன் இவனைப் பார்த்து, "உலகத்தைக் காக்க வந்த வீரன் நீதான்" என்பான். அடுத்த நொடி இவனுக்குப் பின்னால் நிற்பவனிடமும் அதையே சொல்வான். 2010-ல் இந்த வார்கிராஃப்ட் ஆட்டத்துக்குச் சந்தா கட்டியவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர். அத்தனை பேரும் உலகைக் காத்த ஒரே வீரர்கள்! எல்லோரும் மாப்பிள்ளை என்றால் பந்தலில் தாம்பூலம் எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

இந்தக் குறை நிறுவனங்களுக்குத் தெரியாதது அல்ல. 2008-ல் வெளிவந்த வார்கிராஃப்ட் பகுதியில் ஒரு புது உத்தியைப் பெரிய அளவில் கையாண்டார்கள். ஒரு பணியை முடித்தவன் கண்ணுக்கு ஊர் ஒருவிதமாகவும், முடிக்காதவன் கண்ணுக்கு வேறுவிதமாகவும் தெரியும். எரிந்த வீடு இவனுக்கு அணைந்திருக்கும், அவனுக்கு எரிந்துகொண்டிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு வேறு வேறு உலகத்தைப் பார்க்கிறார்கள் என்றால், சேர்ந்து ஆடும் ஆட்டம் என்று அதை எப்படிச் சொல்வது? பிறகு 2010 நவம்பரில் அந்த உலகத்தின் நிலப்பரப்பையே மாற்றினார்கள். மலை பிளந்தது, ஊர்கள் மூழ்கின. ஆனால் அதைச் செய்தது நிறுவனம். குறித்த தேதியில், குறித்தபடி நடந்தது. உள்ளே ஆடிய லட்சக்கணக்கானோர் சேர்ந்து முயன்றிருந்தாலும் அந்தத் தேதியை ஒருநாள் தள்ளிப்போட முடியாது.

இது ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்ததா என்றால், இல்லை. இந்த ஆட்டங்களுக்கெல்லாம் மூதாதை, கம்ப்யூட்டர் இல்லாமல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடப்பட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-ல் வெளியிட்டது. அதில் நாலைந்து பேர் வீரர்கள். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். வீரன் ஒருவன் பாலத்தை உடைத்துவிட்டால் அடுத்த வாரமும் பாலம் உடைந்தேதான் இருக்கும். அரசனை அவமதித்தால் அரசன் நினைவில் வைத்திருப்பான். நடுவர் மனிதர் அல்லவா? ஆடுபவர்கள் செய்த செயலுக்குத் தக்கபடி கதையை வளைத்துக்கொண்டு போக அவரால் முடிந்தது.

1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள், பலர் ஒரே சமயத்தில் ஆடக்கூடிய 'மட்' என்ற எழுத்து வடிவ விளையாட்டைக் கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள். நடுவரின் இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. புதையல்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டால் அடுத்து வருபவனுக்கு ஒன்றும் இராது. ஆகவே அவ்வப்போது உலகத்தை முதல் நிலைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. 1997-ல் 'அல்ட்டிமா ஆன்லைன்', 1999-ல் 'எவர்குவெஸ்ட்', 2004-ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று ஆட்டங்கள் பெருகப் பெருக, உள்ளே வருபவர்கள் நூறு, ஆயிரம், லட்சம் என்று பெருகினார்கள். திருப்புவதும் கண்ணுக்குத் தெரியாமல், நிமிடத்துக்கு நிமிடம், மூலைக்கு மூலை நடக்கத் தொடங்கிவிட்டது.

நிறுவனங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்று சேருகிற பையனும், ஐந்து வருடம் முன்பு சேர்ந்தவனும் ஒரே பணத்தைத்தான் கட்டுகிறார்கள். முதலில் வந்தவன் அரக்கர்களை எல்லாம் ஒழித்துவிட்டால் பின்னால் வந்தவனுக்கு என்ன மிச்சம்? இன்னொன்று, மனிதர்களின் குணம். அல்ட்டிமா ஆன்லைன் ஆட்டத்தை அமைத்தவர்கள் ஓர் அழகான திட்டம் போட்டிருந்தார்கள். புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும், இரை குறைந்தால் ஓநாய் ஊருக்குள் வரும் என்று இயற்கையைப் போலவே கணக்கிட்டு வைத்தார்கள். கதவைத் திறந்ததும் உள்ளே பாய்ந்த ஜனங்கள் கண்ணில் பட்ட பிராணிகளை எல்லாம் கொன்று தீர்த்தார்கள். முயலுக்கும் ஓநாய்க்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. பிறக்கும் வேகத்தைக் காட்டிலும் கொல்லும் வேகம் அதிகமாகிவிட்டது. போட்ட கணக்கு பலிக்கும் முன்பே காடு காலியாகிவிட, அந்தத் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. பொதுச் சொத்தை வைத்து ஒரு நிர்வாகம் நடத்தியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

ஆனால் கஷ்டம் என்பதாலேயே முடியாது என்று ஆகிவிடாது. நிறுவனங்கள் அடைத்து வைத்த சுவரில் சில சமயம் விரிசல் விட்டதுண்டு. அந்த விரிசல்களைத்தான் ஆடியவர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது எவர்குவெஸ்ட் ஆட்டத்தில் நடந்தது. அதில் கெராஃபிர்ம் என்று உறங்கும் டிராகன் ஒன்று உண்டு. காவல் காக்கும் நால்வரையும் கொன்றால் அது விழித்தெழுந்து எதிர்ப்பட்டவர்களை எல்லாம் அழித்துவிட்டுப் போய்விடும். ஒரு சர்வரில் ஒரே ஒருமுறைதான் அது நடக்கும். அதை யாராலும் கொல்ல முடியாது என்பதே ஏற்பாடு. 2003 நவம்பரில் ஒரு சர்வரைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பேர், வழக்கமாக ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும் குழுக்களைச் சேர்ந்தவர்கள், ஒன்றுகூடி அதை எதிர்த்தார்கள். மாண்டவன் எழுந்து வந்து மறுபடி போரிட, மணிக்கணக்கில் சண்டை நடந்து டிராகனின் உயிர் கால்பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நிறுவனம் இடையில் புகுந்து டிராகனை மறைத்துவிட்டது. பெரிய கூச்சல் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுபடி வாய்ப்புக் கொடுத்தது. இரண்டாம் முறை கொன்றே விட்டார்கள். அதற்குப் பரிசு எதுவும் வைத்திருக்கவில்லை. யாரும் கொல்லப் போவதில்லை என்று நினைத்ததால் வைக்கவில்லை. பரிசு இல்லாத அந்த வெற்றியைத்தான் இருபது வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, 2005 செப்டம்பரில் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் பரவிய கொள்ளைநோய். அரக்கன் ஒருவன் தன்னை எதிர்ப்பவர்கள் மேல் ஏவும் நோய் அது. அவன் இருக்கும் இடத்தோடு நின்றுவிட வேண்டியது, வளர்ப்புப் பிராணிகள் வழியாக நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. கடைத்தெருவெல்லாம் எலும்புக்கூடு. சிலர் ஓடிப்போய்க் காட்டில் ஒளிந்தார்கள், சிலர் தங்கள் மந்திரத்தைச் செலவழித்து முன்பின் தெரியாதவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள், சிலர் வேண்டுமென்றே நோயைக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். கடைசியில் நிறுவனம் சர்வரைத் திருப்பி வைத்துத்தான் அதை நிறுத்த முடிந்தது. 2007-ல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீஸஸ்' என்ற மருத்துவ ஏடு இதைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நிஜமான தொற்றுநோய்க் காலத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அறிய இத்தகைய உலகங்கள் உதவக்கூடும் என்றது அந்தக் கட்டுரை. 2020-ல் நாமே வீட்டுக்குள் அடைபட்டபோது இந்த மூன்று வகையினரையும் நம் தெருவிலேயே பார்த்தோம். ஒருவனுடைய செயல் இன்னொருவனைப் பாதிக்கிறது என்றவுடன் விளையாட்டிலும் மனிதர்கள் மனிதர்களாகி விடுகிறார்கள்.

மூன்றாவது நிறுவனமே தெரிந்து செய்தது. 2006 ஜனவரியில் வார்கிராஃப்ட் உலகில் பாலைவனத்து நடுவே மூடிக்கிடந்த ஒரு பெருங்கதவைத் திறக்கும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். அதற்கு ஒவ்வொரு சர்வரிலும் எல்லோரும் சேர்ந்து காயத்துக்குக் கட்டும் துணி, உலோகக் கட்டி, தோல், சமைத்த உணவு என்று மலைமலையாகச் சேர்க்க வேண்டும். இரண்டு பகைக் கட்சியினரும் தத்தம் பங்கைச் செய்தாக வேண்டும். சேர்ந்து முடிந்த பின், கடினமான பணிகளை முடித்துச் செங்கோல் பெற்ற ஒருவர் போய் மணியை அடித்ததும் கதவு திறந்து போர் மூண்டது. திறந்த கதவு திறந்ததுதான், மறுநாள் மூடிக்கொள்ளவில்லை. பெரிய வீரனாக இல்லாத ஒரு சாதாரண ஆள்கூட, "நான் பிடித்துச் சமைத்த மீனும் அந்தக் குவியலில் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஆடுபவர்களின் கையில் உலகத்தையே ஒப்படைத்த ஆட்டமும் ஒன்று உண்டு. ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் 2003-ல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' அது. விண்வெளியில் கப்பல் ஓட்டும் ஆட்டம். கப்பலைக் கட்டுவதும், கனிமம் தோண்டுவதும், எல்லை வகுப்பதும், கட்சி சேர்வதும், காட்டிக் கொடுப்பதும் ஆடுபவர்களே. அழிந்த கப்பல் அழிந்ததுதான். 2014 ஜனவரி 27 அன்று அங்கே ஒரு பெரிய போர் மூண்டது. சுமார் 21 மணி நேரம் நடந்த சண்டையில் 7,500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். மாதக்கணக்கில் உழைத்துக் கட்ட வேண்டிய 'டைட்டன்' என்ற மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. அழிந்ததன் மதிப்பு நிஜப் பணத்தில் 3 லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டார்கள். போருக்குக் காரணம் என்ன தெரியுமா? தங்கள் வசம் இருந்த ஒரு பகுதிக்காகக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையை ஒரு கூட்டணி குறித்த நேரத்தில் கட்டவில்லை. அவ்வளவுதான். தொகை கட்டப்படவில்லை, உரிமை போயிற்று, எதிரி உள்ளே வந்தான். அந்தப் போர்க்களத்தில் உடைந்த கப்பல்களின் சிதைவுகளை நினைவுச் சின்னமாக நிறுவனம் நிரந்தரமாக நிறுத்தி வைத்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கீமேன்களின் ஞாபகம் வந்தது. இரும்புப் பாதையில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீமேன் என்பவர் தமக்கு ஒதுக்கப்பட்ட சில கிலோமீட்டர் பாதையைத் தினமும் நடந்தே பார்ப்பவர். தோளில் சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியும். தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவார், தளர்ந்த போல்ட்டை முடுக்குவார், கழன்று விழுந்ததை எடுத்து மாட்டுவார். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. அவர் மாலையில் வீடு திரும்பும்போது பாதை காலையில் இருந்தபடியேதான் இருக்கும். புதிதாக ஒன்றும் கட்டவில்லை, ஒன்றையும் வெல்லவில்லை. ஆனால் அவர் வராமற் போனால் தெரியும். ஒருநாள் தெரியாது, ஒரு வாரத்தில் தெரியும், ஒரு மாதத்தில் ஊருக்கே தெரியும்.

ஒரு மனிதனால் உலகத்துக்கு ஏதாவது ஆகிறதா என்று அறிய என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான். அவன் எதை மாற்றினான் என்று பார்ப்பதைவிட, அவன் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. வார்கிராஃப்ட் உலகில் நாளைக்கு என் பேரன் நுழையாவிட்டால் ஒரு சாவியும் தளராது. அரக்கன் நிற்பான், குடிசை எரியும், தாய் அழுவாள், அரசன் வேறொருவனை ஒரே வீரன் என்பான். அவனுடைய நூற்றுக்கணக்கான மணி நேரம் அங்கே ஒரு கீறலும் போடவில்லை. ஈவ் ஆட்டத்தில் அப்படி அல்ல. ஒரு தவணை கட்டத் தவறினால் 75 கப்பல் போகிறது.

லோகோ பைலட்டுகளுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி கொடுப்பதுண்டு. சிவப்பு சிக்னலைத் தாண்டினாலும் ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பயிற்சிக்கு அது மிகவும் அவசியம். ஆனால் ஆயுள் முழுக்கச் சிமுலேட்டரிலேயே ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற ஒருவரை லோகோ பைலட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"விளையாட்டுதானே, இதற்கு ஏன் இவ்வளவு? சதுரங்கத்திலும்தான் ஆட்டம் முடிந்ததும் காய்களைத் திரும்ப அடுக்குகிறோம்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சதுரங்கப் பலகை தன்னை உலகம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆட்டம் முடிகிறது, ஜெயித்தவன் ஜெயித்தவன்தான், தோற்றவன் தோற்றவன்தான். அந்த முடிவை யாரும் திருப்பி வைப்பதில்லை. இந்த ஆட்டங்களோ முடிவதே இல்லை. முடியாத ஆட்டத்துக்கு மாதாமாதம் சந்தா, அல்லது உடைக்கும் வாளுக்கும் காசு. "உன் செயலால் உலகம் மாறும்" என்று விளம்பரத்தில் சொல்லி உள்ளே அழைத்துவிட்டு, உள்ளே போனபின் எதையும் மாறவிடாமல் வைத்திருப்பது சரக்கில் குறை என்றுதான் நான் சொல்வேன். பருப்பில் கல் இருந்தால் கடைக்காரரிடம் கேட்கிறோம் அல்லவா?

பின் ஏன் பிள்ளைகள் விடாமல் ஆடுகிறார்கள்? இதற்கும் பேரனிடம்தான் விடை கிடைத்தது. அவனுக்கு ஒரு குழு உண்டு. அதில் புனேயில் ஒருவன், குவாஹாத்தியில் ஒருத்தி, சிங்கப்பூரில் ஒருவன். பெரிய அரக்கனை எதிர்க்க எல்லோரும் குறித்த நேரத்தில் வந்தாக வேண்டும். இவன் காயத்தை ஆற்றும் வேடம் ஏற்றவன். இவன் வராவிட்டால் மற்றவர்கள் ஐந்து நிமிடம் தாங்க மாட்டார்கள். "நான் இல்லாமல் தொடங்க மாட்டார்கள் தாத்தா" என்று அவன் சொன்னபோது குரலில் ஒரு பெருமை இருந்தது. அரக்கனைக் கொன்றதைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பெருமை இல்லை. அந்த உலகம் கொடுக்காததை, அதில் கூடிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டி வைத்திருப்பது அதுதான். ஆகவே ராத்திரி ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்குகிற தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை: நிறுத்தச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே கேட்டுப் பேசி வைத்துக்கொண்டு நிறுத்தச் சொல்லுங்கள். நாலு பேரை நடுவழியில் விட்டுவிட்டு எழுந்து வருவது நல்ல பழக்கம் என்று நாமே கற்பிக்க வேண்டாம்.

ஆட்டம் தயாரிக்கும் நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லா அரக்கரும் நிரந்தரமாக மடிய வேண்டும் என்று சொல்லவில்லை. பராமரிப்பு என்ற ஒன்றை உள்ளே கொண்டுவாருங்கள் என்கிறேன். ஆற்றுக்கு ஒரு பாலம் இருக்கட்டும். மரம் கொண்டுவந்து பழுது பார்க்க ஆள் வந்தால் நிற்கட்டும், வராவிட்டால் விழட்டும். விழுந்தால் அக்கரைச் சந்தைக்குச் சுற்றிக்கொண்டு போகட்டும். பின்னால் வருபவனுக்கும் இதில் வேலை உண்டு, ஏனெனில் பராமரிப்பு தீர்ந்து போவதில்லை. அரக்கனை முதலில் வந்தவன் கொன்றுவிடலாம். பாலத்தை எல்லாக் காலத்துக்கும் சேர்த்து அவனால் பழுது பார்த்துவிட முடியாது. நம் நாட்டிலும் இப்போது இளைஞர்கள் பலர் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தயாரிக்கிறார்கள். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அந்தத் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் இதை யோசிக்கலாம்.

இனி நம் பக்கம். பிள்ளைகள் சங்கத்துக்கு வருவதில்லை என்று வருந்துகிறோம். வந்தால் என்ன செய்யச் சொல்கிறோம்? பொங்கல் விழாவில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும், குத்துவிளக்கருகே வரிசையாக நிற்க வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். ஒரு பிள்ளை வராவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்துகிறோம். அடுத்த வருடம் அதே விழா, அதே வரிசை, "வருங்காலம் உங்கள் கையில்" என்ற அதே வாழ்த்துரை. அந்த வார்கிராஃப்ட் அரசன் சொல்வதற்கும் நாம் சொல்வதற்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? தலைவர், செயலாளர், பொருளாளர், அரங்கம், சமையல், கணக்கு எல்லாம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நம் கையில்தான். தவறு நடந்துவிடுமே என்ற பயத்தில்தான் அப்படி வைத்திருக்கிறோம். காடு காலியாகிவிடும் என்று பயந்த அந்த நிறுவனங்களின் பயமும் இதே வகையானதுதான்.

எனவே நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இது. வரும் சித்திரை விழாவில் ஒரு பொறுப்பை, சாப்பாட்டையோ அரங்க ஏற்பாட்டையோ, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் முழுவதுமாக ஒப்படையுங்கள். பணத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள், கணக்கையும் அவர்களிடமே கேளுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் திருத்த வேண்டாம். சாம்பாரில் உப்புக் கூடினால் கூடட்டும். மைக் வேலை செய்யாவிட்டால் அன்றைக்குக் குரலை உயர்த்திப் பேசிக்கொள்வோம். அதற்காக அடுத்த வருடம் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். உப்புக் கூடிய சாம்பாரை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அளந்து போடுவார்கள்.